அக்காவுக்காகப் போட்ட சீலிங்

காரேஜ் கூரைக்கு ஜிப்சம் போர்டு அடிக்கலாம் என்ற யோசனை என்னுடையது. என் கணவர் இன்றைக்கும் அது தன் யோசனை என்றுதான் தெருவில் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லிக்கொள்ளட்டும். நடந்ததையெல்லாம் பார்த்த பின் அந்தப் பெருமையில் பங்கு கேட்க எனக்கு மனமில்லை.

ஹவுராவுக்குப் பக்கத்தில் சாந்த்ராகாச்சியில் நாங்கள் வீடு கட்டியபோது தரைத்தளத்தில் ஒரு காரேஜும் ஓரமாகச் சின்னக் குளியலறையும் மாடிப்படியும் மட்டும்தான் வைத்தோம். ஒரு நல்ல மழை பெய்தால் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிற இடம். அதனால் காரேஜின் தரையையே உயர்த்தி, முன்னால் சரிவு போட்டுக் கட்டினோம். குடியிருப்பது மாடியில். என் கணவர் துறைமுகத்தில் வேலை பார்த்து விருப்ப ஓய்வு பெற்றவர். கண் ஆபரேஷனுக்குப் பிறகு கல்கத்தா டிராஃபிக்கில் வண்டி ஓட்டப் பயந்து காரை விற்றுவிட்டார். காரேஜ் காலியாகி, அட்டைப்பெட்டிகளும் பழைய சைக்கிளும் குடியேறின.

அந்தச் சமயத்தில்தான் அக்கா ஓய்வு பெற்றாள். கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவள். அலிப்பூரில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை, அங்கேயே அரசாங்கக் குவார்ட்டர்ஸ். அப்பா மாற்றலாகிக் கல்கத்தா வந்தபோது நாங்கள் இருவரும் சின்னப் பிள்ளைகள். அதன் பிறகு அக்கா இந்த ஊரை விட்டு எங்கேயும் போய் வாழ்ந்ததில்லை. சாமி கும்பிடுவது தமிழில், மீன்காரனோடு சண்டை போடுவது வங்காளத்தில் என்று அவளுக்கு ஒரு பழக்கம். இரண்டையும் ஒரே குரலில் செய்வாள்.

ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். கொஞ்ச மாதம் அவகாசம் தருவார்கள், அவ்வளவுதான். அவளுக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. ஒன்று, கோயம்புத்தூரில் வயதானவர்களுக்கென்று கட்டிய குடியிருப்பு. எங்கள் சித்தி மகள் அதற்குப் பக்கத்தில் இருக்கிறாள், அவள்தான் சொன்னது. இன்னொன்று நாங்கள். எனக்கோ அக்கா கோயம்புத்தூர் போவதில் துளியும் இஷ்டமில்லை. இந்த ஊரில் எனக்கு ரத்த உறவென்று இருப்பது அவள் ஒருத்திதான்.

"உங்க மாடி என்னால ஏற முடியாதுடி. முட்டி போயிடுச்சு. கீழ ஒரு ரூம் இருந்தா வர்றேன். என் சமையல் என்னோடது, உங்க ரெண்டு பேருக்கும் நான் ஒரு பாரமா இருக்க மாட்டேன்" என்றாள்.

கீழே எங்களுக்கு இருந்தது அந்தக் காரேஜ்தான். சாமான்களை ஒதுக்கிவிட்டு அவளைக் கூட்டிவந்து காட்டினோம். சுவர், தரை எதையும் அவள் குறை சொல்லவில்லை. தலையை நிமிர்த்தி மேலே பார்த்தாள். வருஷக்கணக்கில் கார்ப்புகை பிடித்துக் கறுத்த கான்கிரீட், குறுக்கே போகும் உத்தரம், எங்கள் குளியலறையிலிருந்து இறங்கும் குழாய்கள், ஓரங்களில் உப்புப் பூத்த திட்டுகள். மத்தியானமானால் முட்டிக்கு ஒத்தடம் வைத்துக்கொண்டு மல்லாந்து படுப்பவள் அவள். அவளுக்கு வீடு என்பது பாதி நேரம் கூரைதான்.

"மேல பார்த்தா மெக்கானிக் கடையில படுத்திருக்கற மாதிரி இருக்குமேடி" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் எனக்குத் தெரியும், அவள் மனது கோயம்புத்தூர் பக்கம் சாய்வதை நான் அப்போதே பார்த்தேன். அந்த இடத்தில்தான், "சீலிங் போட்டுட்டா தெரியவே தெரியாதுக்கா" என்று சொன்னேன்.

அவர் பிடித்துக்கொண்டார். என் கணவர் ஒரு வேலையைப் பிடித்தால் உயிரை வாங்கிவிடுவார். கைபேசியில் வீடியோ வீடியோவாகப் பார்த்தார். ஈரத்தைத் தாங்கும் பச்சை நிற போர்டுதான் வேண்டும் என்று ஹவுரா முழுக்க அலைந்து வாங்கி வந்தார். எங்கள் பேட்டையில் இருக்கும் ஒரு மிஸ்திரியைப் பேசி வைத்தார். மிஸ்திரி மறுநாளே ஆரம்பிக்கத் தயார்.

அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "ஆடி மாசம் ஆரம்பிக்கற வேலை விளங்குமா? ஆவணி பொறக்கட்டும்." ஆவணி பிறந்தால் மட்டும் போதாது. அடுத்தது புரட்டாசி, அதில் குடி போகக் கூடாது. ஆகவே ஆவணிக்குள்ளேயே வேலையை முடித்து, கணபதி ஹோமம் பண்ணி, பால் காய்ச்சிவிட வேண்டும். வண்டி நின்ற இடத்தில் ஹோமம் பண்ணாமல் படுக்க மாட்டேன் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். தென்கல்கத்தாவிலிருந்து வரும் ஐயரிடம் அவளே பேசி, அவருக்கு ஒழிந்த கடைசி முகூர்த்தத்தைக் குறித்தும் விட்டாள்.

எங்கள் பஞ்சாங்கம் காவிரிப் பக்கத்து வெயிலுக்குக் கணித்தது. ஆவணியில் ஹவுரா எப்படி இருக்கும் என்று அதற்கு என்ன தெரியும்? துவைத்த துணி மூன்றாம் நாளும் பிசுபிசுவென்று நாறும். உப்பு டப்பாவில் உப்பு ஒழுகும். அப்படிப்பட்ட மாதத்தில் பூச்சு வேலையை வைத்துக்கொண்டோம். கல்கத்தாவில் பிறந்தவர்கள் யாரும் இந்தக் கூத்தைப் பண்ண மாட்டார்கள். நாங்கள் பண்ணினோம்.

வேலை என்னவோ சந்தோஷமாகத்தான் ஆரம்பித்தது. முதலில் சுவரைச் சுற்றி மட்டம் பார்த்துத் தகரச் சட்டம் அடித்தார்கள். பிறகு கான்கிரீட்டிலிருந்து கம்பி தொங்கவிட்டுக் குறுக்குச் சட்டங்கள். குழாய்களுக்குக் கீழே சட்டம் போனபோது, அந்தக் கறுப்பெல்லாம் மறையப்போகிறது என்று எனக்கே நம்பிக்கை வந்தது. போர்டு ஏற்றிய அன்று ஞாயிற்றுக்கிழமை. அக்கா அலிப்பூரிலிருந்து டாக்ஸியில் வந்து, கச்சோரிப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

ஒரு போர்டைத் தூக்கிப் பிடிப்பதென்றால் லேசில்லை. மிஸ்திரி ஏணியில் நின்று திருகு முடுக்க, கணவர் ஒரு முனையை மூங்கில் முட்டுக்கொடுத்துத் தாங்க, மறுமுனைக்கு ஆள் இல்லை. நான் பழைய துண்டைச் சும்மாடாகச் சுற்றித் தலையால் தாங்கினேன். கழுத்து உள்ளே போய்விடும் போலிருந்தது.

"இன்னும் கொஞ்சம் தூக்குடி. உன் பக்கம் இறங்கியிருக்கு" என்று அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்து மேற்பார்வை பார்த்தாள்.

"நீ வந்து தலையைக் குடு, தெரியும்" என்றேன்.

"நான் வந்தா போர்டு முட்டி உயரத்துலதான் நிக்கும்."

மிஸ்திரிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் சிரித்தார். என்ன பேச்சு என்று கேட்டு, அக்கா அதை வங்காளத்தில் சொன்னதும் ஏணியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தரம் சிரித்தார். அன்று சாயங்காலம் கூரை முழுவதும் பச்சையாக மூடியிருந்தது. அக்கா கைத்தடியை நீட்டி, கட்டில் இந்தப் பக்கம், சாமி அலமாரி அந்த மூலை, ஜன்னலோரம் துளசித் தொட்டி என்று இடம் குறித்தாள். ஷட்டரை எடுத்துவிட்டுக் கதவு வைப்பது பற்றிக் கூடப் பேசினாள். அவள் அப்படிப் பேசினால் முடிவு பண்ணிவிட்டாள் என்று அர்த்தம்.

அன்றைக்கு நான் ஒரு சட்டம் போட்டேன். இனிமேல் யாரும் இதைக் காரேஜ் என்று சொல்லக் கூடாது. கீழ் ரூம். பால்காரன், பேப்பர்காரன் எல்லாரிடமும் அப்படியே சொன்னேன். கணவர் இரண்டு தடவை தவறிச் சொல்லி என்னிடம் முறைப்பு வாங்கிக்கொண்டார்.

மிஸ்திரிக்கு விஸ்வகர்மா பூஜைக்கு முன் முடிக்க வேண்டிய வேலைகள் காத்திருந்தன. அவர் போய்விட்டார். மீதியைத் தானே பார்த்துக்கொள்வதாக இவர் சொல்லிவிட்டார். இணைப்புகளில் பசை போட்டு நாடா ஒட்டுவது, திருகுத் தலைகளை மூடுவது, அது காய்ந்ததும் மேலே அகலமாக இன்னொரு பூச்சு, அதுவும் காய்ந்ததும் இன்னும் அகலமாக இன்னொன்று. கடைசியில் உப்புக்காகிதம் போட்டுத் தேய்ப்பது. விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து, நிழல் விழுகிற இடமெல்லாம் மறுபடி தேய்ப்பார். கண் ஆபரேஷன் ஆனவர். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள் என்று கத்தினால் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். தலை, புருவமெல்லாம் மாவாகி, கண் சிவந்து மாடிக்கு வருவார். வந்ததும் "அக்கா படுத்துட்டுப் பார்த்தா ஒரு இணைப்பு தெரியக் கூடாது" என்பார்.

இதை நான் ஏன் விஸ்தாரமாகச் சொல்கிறேன் என்றால், அந்த மனிதர் அவளை வேண்டாம் என்று நினைத்தவர் இல்லை. என் வீட்டு மனிதர்களுக்காக அவர் அப்படி உழைத்து நான் பார்த்ததே இல்லை.

பூச்சு காயவில்லை. விரலால் தொட்டால் மேலே காய்ந்தது போலிருக்கும், உள்ளே சில்லென்று இருக்கும். மின்விசிறியை இரவு பகலாக ஓடவிட்டார். மழை நிற்கவேயில்லை. ஹோமத்துக்கு முதல் நாள் எப்படியோ ஒரு கை பிரைமர் அடித்துவிட்டு வந்து சொன்னார்: "நாளைக்கு வேண்டாம். தள்ளிப் போடு. ஈரம் இருக்கு, சூடு பட்டா கிளம்பிடும்."

"அக்கா நாள் குறிச்சாச்சு. இதை விட்டா ஐப்பசிதான். அதுக்குள்ள குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொல்லிட்டா அவ எங்க போவா?"

"அப்ப ஹோமத்தை மாடியில பண்ணு."

"அவளால மாடி ஏற முடியாதுன்னுதானே இவ்வளவும்."

அவர் கீழே போய் இன்னொரு மின்விசிறியைப் போட்டுவிட்டு வந்தார்.

மறுநாள் விடியும்போதே கொட்டியது. ஐயர் நனைந்துகொண்டு வந்தார். அக்கா பட்டுப் புடவையில், முட்டிக்குப் பட்டை கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். கல்கத்தாவில் எங்களுக்குத் தெரிந்த நாலைந்து தமிழ்க் குடும்பங்களும் வந்தன. சாரல் நேரே உள்ளே அடித்து அக்னியில் விழுந்ததால் ஜன்னலைச் சாத்தி, ஷட்டரைப் பாதிக்கு மேல் இறக்க வேண்டியதாயிற்று. பிறகு என்ன ஆகும்? சமித்து, நெய், கொப்பரை என்று போடப் போட, புகை வெளியே போக வழியில்லாமல் மேலே போய் நின்றது. எல்லாரும் அக்னியைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருக்க, என் கணவர் மட்டும் கைகூப்பியபடியே சீலிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பூர்ணாஹுதிக்கு நெய்யை மொத்தமாக விட்டபோது தீ ஆளுயரம் எழும்பியது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஏதோ வேண்டிக்கொண்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பாலும் பொங்கியது. நல்ல சகுனம் என்றார்கள்.

புகை அடங்கிய பிறகுதான் பார்த்தோம். ஹோம குண்டத்துக்கு நேர் மேலே, அக்கா கட்டில் போடப் போகிற இடத்தில், வெள்ளைப் பிரைமர் மேல் தேநீர் கொட்டியது போல மஞ்சளாக ஒரு பெரிய வட்டம். இணைப்புகளில் நாடா குமிழ் குமிழாகக் கிளம்பியிருந்தது. அவர் ஏணியை இழுத்துப் போட்டு ஏறினார். விரலால் ஒரு குமிழைத் தொட்டார். நாடா உரிந்து ஒரு முழ நீளத்துக்குத் தொங்கியது.

அங்கிருந்தபடியே, யாரையும் பார்க்காமல், எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்: "படிச்சுப் படிச்சுச் சொன்னேன். காரேஜுக்குள்ள யாராவது ஹோமம் பண்ணுவாங்களா?"

 அக்கா கையில் பிரசாதத் தொன்னையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அண்ணாந்து பார்த்தாள். பிறகு பார்வையை இறக்கிக்கொண்டாள்.

"தம்பி சொல்றது சரிதான். எனக்குத் தோணலை பாரு" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். கோபமில்லை, குரல் உடையவில்லை. சாப்பிட உட்கார்ந்தாள். வடை நன்றாக வந்திருக்கிறது என்றாள். வந்தவர்களோடு துர்கா பூஜோவுக்கு எந்தப் பந்தலெல்லாம் போவது என்று பேசினாள். டாக்ஸி வந்ததும் என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள். ஆனால் துளசித் தொட்டி வைக்க வேண்டிய ஜன்னல் பக்கம் அன்று அவள் திரும்பவேயில்லை.

டாக்ஸி மறைந்ததும் நான் அவரைப் பிடித்து உலுக்கிவிட்டேன். எனக்குக் கோபம் வந்தால் நிற்காது. "ஊரைக் கூட்டி வெச்சு, அவ உக்காந்திருக்கும்போது, நான் சொல்லக் கூடாதுன்ன அந்த வார்த்தையா உங்க வாயில வரணும்?"

"நான் சீலிங்கைத்தானே சொன்னேன்?" அவர் பேயறைந்த மாதிரி நின்றார். அவருக்கு நிஜமாகவே அப்போதுதான் உறைத்தது.

அன்று சாயங்காலமே அக்காவுக்குப் போன் பண்ணினார். மன்னிப்புக் கேட்கத்தான் பண்ணினார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். "அக்கா, அது சரி பண்ணிடலாம். கறை மேல வராம இருக்க தனி பிரைமர் இருக்கு. நாடாவைப் பூரா உரிச்சுட்டு வலை நாடா போடப் போறேன்" என்று ஆரம்பித்து நெடுநேரம் பேசினார். அந்தப் பக்கம் அவளும் "சரி தம்பி, சரி தம்பி" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். வாங்க அக்கா, இது உங்க வீடு என்று ஒரு வார்த்தை அவர் வாயில் வரவில்லை. நானும் போனைப் பிடுங்கிச் சொல்லவில்லை. பேசிவிட்டார்களே, சரியாகிவிடும் என்று நினைத்தேன். இன்றைக்கு நினைத்தாலும் என் கையை நானே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

மகாளயா அன்று அலிப்பூர் போயிருந்தேன். அக்கா எனக்கு லுச்சி என்கிற மைதாப் பூரி பொரித்துப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "கோயம்புத்தூர்ல இடம் கெடச்சிருச்சுடி. பூஜோ முடிஞ்சதும் கிளம்பிடறேன்."

நான் தட்டைக் கீழே வைத்தேன். "ரூம் தயாராயிடும்க்கா. மழை விட்டதும் அவர் முடிச்சிடுவார்."

"ரூமுக்காக இல்லடி. அந்தத் தம்பி கண்ணைக் கெடுத்துக்கிட்டு எத்தனை பாடுபடறார். எதுக்கு உங்களுக்கு இத்தனை சிரமம்?"

"அவர் சொன்னதை மனசுல வெச்சிருக்கியா?"

"எதை?" என்று கேட்டாள். வாணலியிலிருந்து கண்ணை எடுத்து என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

அந்த வார்த்தையை நான் திரும்ப என் வாயால் சொல்ல வேண்டும். சொன்னால்தான் மேலே பேச முடியும். சொன்னால் அழுதிருப்போம், சண்டை போட்டிருப்போம், ஒருவேளை தங்கியிருப்பாள். என்னால் முடியவில்லை. ஒன்றுமில்லை என்றேன். அவள் அடுத்த லுச்சியை எண்ணெயில் போட்டாள்.

ஹவுராவில் ரயில் ஏற்றினோம். சக்கர நாற்காலியை அவரே தள்ளிக்கொண்டு போனார், போர்ட்டரை விடவில்லை. வண்டி நகரும் வரை பெட்டிகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். அக்கா எதிர் இருக்கையில் இருந்த வங்காளிப் பெண்ணோடு பேச ஆரம்பித்திருந்தாள். சென்னை வரைக்கும் துணை கிடைத்துவிட்டது என்று ஜன்னல் வழியே என்னிடம் சைகை காட்டினாள்.

திரும்பி வந்த மறுநாள் அவர் கீழே இறங்கினார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. நாடாவை ஒன்று விடாமல் உரித்தார். மழை விட்டிருந்தது, காற்றில் ஈரம் குறைந்திருந்தது. ஒவ்வொரு பூச்சும் காயும் வரை பொறுமையாக இருந்தார், இப்போது அவசரப்படுத்த யாரும் இல்லை. மஞ்சள் கறைக்கு மேல் தனிப் பிரைமர் அடித்தார். தேய்த்தார், விளக்கைப் பிடித்துப் பார்த்தார், மறுபடி தேய்த்தார். இந்தத் தடவை நான் சொல்லாமலே கண்ணாடி போட்டுக்கொண்டார். வெள்ளைப் பெயின்ட் இரண்டு கை அடித்து முடித்தபோது குளிர்காலமே வந்துவிட்டது. வெறும் தரையில் பாயைப் போட்டு, மல்லாந்து படுத்துப் பார்த்துவிட்டு என்னையும் கூப்பிட்டார். பக்கத்தில் படுத்துப் பார்த்தேன். இணைப்பு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. ஆவணியிலேயே இப்படி இருந்திருந்தால் என்ன என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என்னைத் தேற்றவில்லை, எழுந்து போய் ஏணியை மடக்கினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அக்காவைக் கூப்பிட்டோம். அங்கே எல்லாம் வசதியாக இருக்கிறது என்றாள். வாசலில் நிற்கும் செக்யூரிட்டி மால்தாவிலிருந்து வந்த பையன், அவனோடு தினமும் அரை மணி நேரம் வங்காளம் பேசாவிட்டால் சாப்பாடு இறங்குவதில்லை என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும், திரும்பி வந்துவிடேன் என்று கேட்கலாம் என்று எனக்குத் துணிச்சல் வந்தது. அவருக்கும் அதே எண்ணம் வந்திருக்க வேண்டும். "அக்கா, ஒரு நிமிஷம் இருங்க" என்று போனை எடுத்துக்கொண்டு கீழே ஓடினார், நானும் பின்னாலேயே போனேன். விளக்கையெல்லாம் போட்டுவிட்டு, போனை உயர்த்தி, ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலை வரை மெதுவாகக் காட்டினார்.

"ரொம்ப அழகா இருக்கு தம்பி. இத்தனை நல்லா வரும்னு நான் நினைக்கலை" என்றாள் அக்கா. "யாருக்கு வாடகைக்கு விடப் போறீங்க?"

குத்திக்காட்டிப் பேசுகிற பழக்கம் அவளுக்கு என்றைக்கும் கிடையாது. அக்கறையோடுதான் கேட்டாள். அவர் கை போனோடு சீலிங்கைப் பார்த்து அப்படியே நின்றது, இறங்கவில்லை. நான் ஏதாவது சொல்வேன் என்று அவரும், அவர் சொல்வார் என்று நானும் நின்றுகொண்டிருந்தோம்.

"நல்ல மனுஷங்களாப் பார்த்து விடுங்க" என்றாள்.